விரலும் சொல்லும்

2019 மார்ச்சில் ஒளிபரப்பான ‘கிரேஸ் அனாட்டமி’ என்ற அமெரிக்க மருத்துவத் தொடரில் ஒரு காட்சி. வல்லுறவுக்கு ஆளான பெண்ணை அறுவைக்கூடத்துக்குக் கொண்டுபோக வேண்டும். எந்த ஆணைப் பார்த்தாலும் அவன் முகமே தெரிகிறது அவளுக்கு. மருத்துவமனைப் பெண்கள் நடைவழி நெடுக இருபுறமும் வந்து நிற்கிறார்கள். அதற்கு முன் தடயம் எடுக்கும்போது ஒவ்வொரு கட்டத்திலும் அவள் சம்மதம் கேட்கப்படுகிறது.

பார்க்கிறபோது கண் கலங்கத்தான் செய்யுது. ஆனால் அதோடு நின்றால் கருணை என்பது நல்ல மருத்துவர்களின் சொந்தக் குணமாகச் சுருங்கிவிடும். நம்மிடம் அது அதிகாரத்தோடு நடந்த சண்டையின் வரலாறு.

1972 மார்ச் 26. மகாராஷ்டிரத்தின் தேசாய்கஞ்ச் காவல் நிலையத்தில் மதுரா என்ற பழங்குடிச் சிறுமி சிதைக்கப்பட்டாள். மருத்துவ அறிக்கை சொன்னது: உடம்பில் காயமில்லை, கன்னிச்சவ்வில் பழைய கிழிசல். அமர்வு நீதிமன்றம் அவளைப் ‘பழக்கப்பட்டவள்’ என்றது. உயர் நீதிமன்றம் காவலர்களைத் தண்டித்தது. 1978இல் உச்ச நீதிமன்றமோ காயமில்லாததைச் சம்மதமாக வாசித்து அவர்களை விடுவித்தது. மறுவருஷம் உபேந்திர பக்சி, லத்திகா சர்க்கார் உள்ளிட்ட நான்கு சட்டப் பேராசிரியர்கள் திறந்த மடல் எழுதினார்கள். பெண்கள் தெருவுக்கு வந்தார்கள். 1983இல் சட்டம் திருந்தியது: காவலில் நடந்த வல்லுறவில் உறவு நிரூபணமாகி, ‘நான் சம்மதிக்கலை’ என்று அவள் சொன்னால் நீதிமன்றம் அதை ஏற்றுத்தான் தொடங்க வேண்டும்.

நீதிமன்றத்தில் சொல்லுக்கு இடம் கிடைத்தது. பரிசோதனை அறையில் விரலே பேசிக்கொண்டிருந்தது. இருவிரல் சோதனை தேடியது குற்றவாளியை அல்ல, அவள் ஒழுக்கத்தை. 2013இல் உச்ச நீதிமன்றம் அதைக் கண்டித்தது. 2022 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் தடுக்கச் சொன்னது. அதே அக்டோபரில் உச்ச நீதிமன்றம், இனி செய்கிறவர் முறைகேடு செய்தவராவார் என்றது. ஒரே விஷயத்தை இத்தனை தடவை சொல்ல வேண்டியிருந்தது என்பதே ஒரு சாட்சியம்.

வாச்சாத்தியை எடுத்துக்கொள்வோம். 1992 ஜூன் 20இல் 18 பெண்கள். வழக்கு சிபிஐக்குப் போகவே 1995 ஆயிற்று. மூணு வருஷம் கழிச்சு உடம்பில் எதைத் தேட? அவர்களின் சொல்தான் நின்றது. 2011இல் உயிரோடிருந்த 215 அலுவலர்களும் குற்றவாளிகளாயினர். 2023 செப்டம்பர் 29இல் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது.

எங்கள் கழுகுமலையில் சமணக் குரத்தியர் பெயர்கள் பாறையில் வட்டெழுத்தாக நிற்கின்றன. தம் பெயரைத் தாமே வெட்டுவித்த பெண்கள். அதே மலையடியில், விடியுமுன் தீப்பெட்டி ஆபீஸ் வண்டி ஏறுகிற பெண்ணுக்கு ஏதும் நேர்ந்தால் ஊர் முதலில் சொல்வது: ‘வெளிய சொல்லாதடி’. தப்பி ஆஸ்பத்திரி போனால், ‘முதல்ல போலீசுல எழுதிட்டு வா’ என்று அனுப்பப் பார்ப்பார்கள்.

அப்படி அனுப்பச் சட்டத்தில் இடமில்லை. 2013 முதல், தனியார் மருத்துவமனையானாலும் முதலுதவியும் சிகிச்சையும் இலவசமாக, உடனே தர வேண்டும். சம்மதமின்றிப் பரிசோதிக்கக் கூடாது. 2024இல் வந்த புதிய சட்டத்திலும் இவை தொடர்கின்றன. துணைக்குப் போகிற தோழர்கள் இதை மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும்.

நடைவழி நிறையப் பெண்கள் நிற்க நம் ஊர் மருத்துவமனைகளில் ஆளில்லாமல் போகலாம். ‘தொடலாமாம்மா?’ என்று கேட்க ஒரு ஆள் போதும். அவள் ‘வேண்டாம்’ என்றால் கையை எடுத்துவிட வேண்டும்.