ஒட்டகச்சிவிங்கிக்குள் ஒளிந்திருக்கும் சிவிங்கி

  இன்றைக்குப் பதிவு கொஞ்சம் நீளம். காபி டம்ளரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நிதானமாகப் படியுங்கள்.

முதலில் ஒரு கேள்வி. ஒட்டகச்சிவிங்கி என்ற சொல்லை ஒன்றாம் வகுப்பிலிருந்தே படித்திருக்கிறீர்கள். அதில் ஒட்டகம் எது என்று எல்லோருக்கும் தெரியும். சிவிங்கி எது?

நம் முன்னோர் புள்ளி போட்ட ஒரு வேட்டைப் பூனைக்கு வைத்த பெயர்தான் சிவிங்கி. ஒட்டகம் போல உயரமும், அந்தப் பூனையைப் போல உடம்பெல்லாம் புள்ளியும் இருந்ததால் ஆப்பிரிக்க விலங்குக்கு ஒட்டகச்சிவிங்கி என்று பெயர் வந்தது. லத்தீன் மொழியிலும் ஒட்டகத்தையும் சிறுத்தையையும் சேர்த்துத்தான் அதற்குப் பெயர் வைத்தார்கள். நம் மண்ணிலேயே இல்லாத ஒட்டகச்சிவிங்கியை இன்றைக்கு மூன்று வயதுக் குழந்தை படத்தைப் பார்த்துச் சொல்லிவிடுகிறது. நம் நாட்டில் ஓடித் திரிந்த சிவிங்கியை மட்டும் நாம் மறந்துவிட்டோம். 2022-இல் செய்தித்தாள்களில் 'சிவிங்கிப்புலி' என்று வந்தபோது, 'இது என்ன புதுசா ஒரு பேரு?' என்று கேட்டவர்கள் நம் குடும்பத்திலேயே உண்டு. அது புதுப்பெயர் இல்லை. பழைய தமிழ் அகராதிகளிலேயே சிவிங்கி இருக்கிறது.

நம் வாட்ஸ்அப் குழுக்களில் அடிக்கடி ஒரு படம் சுற்றி வரும். வால்பாறையிலோ மருதமலைப் பக்கமோ சிறுத்தை நடமாட்டம் என்று செய்தி இருக்கும், மேலே யாராவது 'சீட்டா' என்று எழுதியிருப்பார்கள். இது நேற்று வந்த குழப்பம் இல்லை. வெள்ளைக்காரர் காலத்திலேயே சென்னை மாகாணத்தில் சிறுத்தையை 'சீட்டா' என்று சொல்லுகிற வழக்கம் இருந்தது. 'புள்ளி உள்ளது' என்று பொருள்படும் வடசொல்லிலிருந்து வந்த பெயர் அது. புள்ளி இருப்பதெல்லாம் சீட்டா ஆகிவிட்டது. ஒரே பெயரில் இரண்டு விலங்கு இருந்தால் என்ன நடக்கும்? அதில் ஒன்று அழிந்து போனாலும் யாருக்கும் தெரியாது. 'அதான் சீட்டா இருக்குதே' என்று இருந்துவிடுவார்கள்.

வித்தியாசத்தை ஒரு முறை சொல்லிவிடுகிறேன். சிறுத்தையின் புள்ளி பூப்போல இருக்கும், நடுவில் வெளிறிய இடம் இருக்கும். சிவிங்கியின் புள்ளி மை தொட்டு வைத்த பொட்டு மாதிரி முழுசாக இருக்கும். சிவிங்கிக்குக் கண்ணோரத்திலிருந்து வாய் வரைக்கும் கறுப்பாக ஒரு கோடு, அழுது காய்ந்த கண்ணீர் போல. சிறுத்தை மரமேறும், பாறையிலும் புதரிலும் பதுங்கும். சிவிங்கிக்கு வேண்டியது வெட்டவெளி. கால் நீண்டு, இடுப்பு ஒடுங்கி, மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் சில நூறு மீட்டர் ஓடும். அதற்குள் பிடிக்க முடியவில்லை என்றால் நின்றுவிடும்.

அது துரத்திய இரை வெளிமான். முறுக்கிய கொம்பும், ஆணுக்குக் கறுத்த முதுகும் கொண்ட மான். பெயரைப் பாருங்கள், வெளி-மான். அடர்ந்த காட்டில் இல்லை, வெட்டவெளியில் வாழ்வது. பெயரிலேயே முகவரி எழுதியிருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலை மழையை மறைத்துக்கொள்ள, இந்தப் பக்கம் விரிந்து கிடக்கிற கொங்கு வறண்ட பூமியும், மலையேறினால் வருகிற மைசூர்ச் சமவெளியும் அப்படிப்பட்ட நிலங்கள்தான்.

கன்னடத்திலும் இதற்கு 'சிவுங்கி' என்றே பெயர். ஜெர்டன் என்ற ஆங்கில மருத்துவர் சென்னை ராணுவத்தில் பணியாற்றியவர். இந்தியப் பாலூட்டிகள் பற்றி 1867-இல் அவர் வெளியிட்ட நூலில் அந்தக் கன்னடப் பெயரைக் குறித்து வைத்திருக்கிறார். இந்த விலங்கு மத்திய இந்தியாவிலும் தென்னிந்தியாவின் ஒரு பகுதியிலும் இருக்கிறது என்றும் எழுதியிருக்கிறார். இரண்டு மொழிக்காரர்கள் ஒரே பெயர் சொல்லிக் கூப்பிட்ட விலங்கு, படத்தில் மட்டும் பார்த்த விலங்காக இருக்க முடியாது.

வரலாற்று வகுப்பில் ஹைதர் அலி, திப்பு சுல்தான் பாடம் நினைவிருக்கும். 1799 வரைக்கும் நம் கோயம்புத்தூர் மைசூர் ஆட்சியில்தான் இருந்தது. திப்புவிடம் வேட்டைக்குப் பழக்கிய சிவிங்கிகள் இருந்தன. ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்த பிறகு அவற்றைப் பராமரிக்கும் பொறுப்பு ஆர்தர் வெல்லெஸ்லியிடம் வந்தது. பின்னாளில் வாட்டர்லூவில் நெப்போலியனைத் தோற்கடித்த அதே வெல்லிங்டன் பிரபுதான்.

அதற்கும் முன்னால் ஒரு கதை. சென்னை கவர்னராக இருந்த ஜார்ஜ் பிகாட், இங்கிருந்து ஒரு சிவிங்கியைக் கப்பலேற்றி இங்கிலாந்து மன்னருக்குப் பரிசாகக் கொடுத்தார். 1764-இல் வின்ட்சரில் பெரிய கூட்டத்துக்கு நடுவே அதை ஒரு கலைமான் மேல் ஏவிவிட்டார்கள். மான் ஓடவில்லை, கொம்பை நீட்டி எதிர்த்து நின்றது. சிவிங்கி பின்வாங்கிவிட்டது. ஜார்ஜ் ஸ்டப்ஸ் என்ற ஓவியர் அந்தச் சிவிங்கியையும், பக்கத்தில் தலைப்பாகை கட்டிய இரண்டு இந்தியப் பணியாளர்களையும் வரைந்தார். அந்த ஓவியம் இன்றும் மான்செஸ்டர் கலைக்கூடத்தில் இருக்கிறது. கடல் தாண்டிக் குளிரில் நின்ற அந்த இரண்டு பேரின் முகத்தை இணையத்தில் தேடிப் பாருங்கள்.

வேட்டைக்குப் பழக்கியதே இந்த இனத்துக்கு வினையாகிவிட்டது. குட்டியாகப் பிடித்தால் அதற்கு வேட்டை தெரியாது. தாய்தான் கற்றுக்கொடுக்க வேண்டும். அதனால் வளர்ந்த விலங்கைத்தான் கண்ணி வைத்துப் பிடிப்பார்கள். கண்ணை மூடித் தொப்பி போட்டு, மாட்டு வண்டியில் உட்காரவைத்து, மான் கூட்டத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய் அவிழ்த்து விடுவார்கள். அக்பரிடம் ஒரே சமயத்தில் 1,000 சிவிங்கிகள் இருந்ததாக ஜஹாங்கீர் எழுதியிருக்கிறார். ஆனால் அடைத்து வைத்தால் அவை குட்டி போடுவதில்லை. மொகலாயர் காலத்தில் ஒரே ஒரு முறை அப்படிக் குட்டி பிறந்ததை, அதிசயம் என்று ஜஹாங்கீர் குறித்து வைத்தார். ஆக, அரண்மனையில் ஒன்று செத்தால் காட்டிலிருந்து இன்னொன்று. இப்படியே நூற்றாண்டுக் கணக்கில் நடந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நம் நாட்டு சமஸ்தானங்கள் ஆப்பிரிக்காவிலிருந்து சிவிங்கிகளை விலைக்கு வாங்க ஆரம்பித்துவிட்டன. உள்ளூரில் கிடைக்காமல் போனதற்கு இதைவிடச் சான்று என்ன வேண்டும்?

கடைசி அத்தியாயம் 1947. இன்றைய சத்தீஸ்கரில் உள்ள கொரியா சமஸ்தானத்தின் மகாராஜா, இரவில் காரில் போகும்போது விளக்கு வெளிச்சத்தில் அகப்பட்ட மூன்று சிவிங்கிகளைச் சுட்டுக் கொன்றார். மூன்றும் ஆண். அந்தச் செய்தியை மும்பை இயற்கை வரலாற்றுக் கழக இதழுக்கு அனுப்பியவர்கள் யார் தெரியுமா? நமக்குப் பக்கத்தில் மைசூரில் விலங்குகளைப் பாடம் செய்துகொடுத்த புகழ்பெற்ற வான் இங்கன் நிறுவனத்தார். 1948-இல் அதை வெளியிட்ட இதழாசிரியர்கள், படிக்கவே குமட்டுகிறது என்ற பொருளில் ஒரு குறிப்பும் சேர்த்துப் போட்டார்கள். வேட்டையைப் பெருமையாக நினைத்த அந்தக் காலத்திலேயே அவர்களுக்கு அப்படித் தோன்றியிருக்கிறது.

சிவிங்கி இந்தியாவில் அற்றுப்போய்விட்டது என்று 1952-இல் அறிவித்தார்கள். அதே 1952-இல், அதே இதழில், கிர்க்பாட்ரிக் என்பவர் ஒரு சிறு குறிப்பு எழுதினார். சித்தூர் மாவட்டத்தில் ஒரு சிவிங்கியைப் பார்த்தாராம். சித்தூர் அப்போது நம் சென்னை மாநிலத்தைச் சேர்ந்தது. தமிழும் தெலுங்கும் கலந்து பேசுகிற எல்லைப் பூமி, பாறையும் முள்ளும் புல்லுமான வறண்ட நிலம். நம் பக்கத்துச் சிவிங்கியைப் பற்றிய கடைசிச் செய்தியாக அந்தக் குறிப்பைத்தான் சொல்லவேண்டும்.  அந்த வயதில் உங்கள் தாத்தாக்கள் சிலர் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தார்கள். அவ்வளவு பக்கத்தில் நடந்த விஷயம் இது.

இங்கே அமெரிக்காவில் இருக்கும் நம் பிள்ளைகளுக்குத் தெரிந்த ஒரு கதையைச் சொல்கிறேன். மெக்சிகோ எல்லையை ஒட்டிய அரிசோனா பாலைவனப் பகுதியில் ஜாகுவார் என்ற புள்ளிப் பூனை வாழ்ந்தது. அதையும் சுட்டுத் தீர்த்தார்கள். 1996 மார்ச் மாதம் வார்னர் க்ளென் என்ற பண்ணைக்காரர் நாய்களோடு மலைச்சிங்க வேட்டைக்குப் போனார். நாய்கள் மடக்கி நிறுத்தியது ஜாகுவாரை. அவர் துப்பாக்கியைத் தூக்கவில்லை. கேமராவை எடுத்தார், பிறகு நாய்களை இழுத்துக்கொண்டு அதற்கு வழிவிட்டார். அந்தப் படங்களை உலகமே பார்த்தது. மறு ஆண்டே, அமெரிக்க மண்ணிலும் ஜாகுவார் பாதுகாக்கப்பட்ட விலங்கு என்று சட்டப் பட்டியலில் சேர்த்தார்கள். பின்னர் அதே மாநிலத்தில் இன்னொரு ஜாகுவார் தானியங்கிக் கேமராக்களில் பல ஆண்டுகள் பதிவானது. டூசான் நகரத்துப் பள்ளிக் குழந்தைகள் அதற்கு 'எல் ஹெஃபே' என்று பெயர் வைத்தார்கள். ஸ்பானிய மொழியில் 'தலைவர்' என்று பொருள்.

கொரியாவில் விளக்கு வெளிச்சத்தில் துப்பாக்கி, அரிசோனாவில் கேமரா. எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது அந்தப் பள்ளிக் குழந்தைகள் வைத்த பெயர்தான். பெயர் சொல்லிக் கூப்பிட்ட ஒன்றைக் காணவில்லை என்றால் எங்கே போயிற்று என்று யாராவது கேட்பார்கள்.

2022 செப்டம்பர் 17-இல் நமீபியாவிலிருந்து 8 சிவிங்கிகள் மத்தியப் பிரதேசத்தின் குனோவுக்கு வந்தன. அடுத்த ஆண்டு தென்னாப்பிரிக்காவிலிருந்து 12. குட்டிகளும் பிறந்திருக்கின்றன, சில இறந்தும் போயின. இவை ஆப்பிரிக்க வகை. நம்முடைய ஆசிய வகை இப்போது ஈரானில் மட்டும் மிகச் சில எஞ்சியிருக்கின்றன. 2014 உலகக்கோப்பைக் கால்பந்தில் ஈரான் வீரர்கள் அந்தச் சிவிங்கியின் உருவம் போட்ட சட்டையோடு விளையாடினார்கள்.

'டீச்சர், இதெல்லாம் நமக்கு எதுக்கு? போனது போச்சு' என்று கேட்பவர்களுக்கு என் பதில் இதுதான். சிவிங்கி தோட்டாவால் மட்டும் போகவில்லை, அதன் நிலமும் போய்விட்டது. வரி கட்டாத புல்வெளியை வெள்ளைக்காரன் 'வேஸ்ட்' என்று எழுதினான். நாமும் 'தரிசு' என்று எழுதினோம். மரம் இருந்தால்தான் காடு, நெல் இருந்தால்தான் வயல், மற்றதெல்லாம் சும்மா கிடக்கிற இடம் என்று நினைத்துக்கொண்டோம். கானமயில் நம் மாநிலத்தில் இல்லாமல் போனதும் அந்த வழியில்தான். ஆனால் சத்தியமங்கலத்தின் மாயாற்றுப் பள்ளத்தாக்கில் வெளிமான் இன்னும் கூட்டமாக நிற்கிறது, கழுதைப்புலியும் பிணந்தின்னிக் கழுகும் இருக்கின்றன. 2013-இல் அது புலிகள் காப்பகமானது. நம் முன்னோர் காங்கயம், வெள்ளகோவில், தாராபுரம் பக்கத்தில் கிளுவை வேலி கட்டி, வெள்வேல மரம் விட்டு, கொழுக்கட்டைப் புல் வளர்த்த கொறங்காடும் வறண்ட நிலத்துப் புல்வெளிதான். காங்கயம் மாடு அந்தப் புல்லில்தான் உருவானது. அதை யாராவது தரிசு என்று சொன்னால் நம் பாட்டன்மார் சண்டைக்கு வந்திருப்பார்கள்.

நம் சொந்தத்தில் பலரிடம் இன்னும் கொறங்காடு இருக்கிறது. சைட் போட்டு விற்கச் சொல்லி ஆள் வந்துகொண்டேதான் இருக்கும். விற்பதும் வைப்பதும் அவரவர் கஷ்டநஷ்டம், நான் தலையிட மாட்டேன். ஆனால் பத்திரம் எழுதும்போது 'காலி இடம்' என்று வாயால் சொல்லாதீர்கள் சாமி. அதில் கௌதாரி முட்டையிடுகிறது, முயல் குட்டி போடுகிறது, மாடு மேய்கிறது.

வழக்கம்போல வீட்டுப்பாடம் உண்டு. ஊருக்குப் போகும்போது அப்பாரு, அமுச்சி, பெரியவர்கள் யாராவது இருந்தால், சின்ன வயதில் மேட்டுக்காட்டிலும் கொறங்காட்டிலும் என்னென்ன விலங்கு, பறவை பார்த்தார்கள், அவற்றை என்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள் என்று கேளுங்கள். ஊர், ஏறக்குறைய எந்த ஆண்டு, பெயர், இந்த மூன்றையும் கீழே எழுதுங்கள். ஒரு நோட்டில் தொகுத்து வைக்கிறேன். பேரன் பேத்திகளை நம் ஆர்.எஸ்.புரத்தில் 1902-இல் தொடங்கிய காஸ் வன அருங்காட்சியகத்துக்கு ஒரு நாள் அழைத்துப் போங்கள். போகிற வழியில் ஒட்டகச்சிவிங்கியில் சிவிங்கி எது என்று கேட்டுப் பாருங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்