ஐடென் அழுத்திப்பேசு கைப்பேசி

ஐடென் கைப்பேசி, மோட்டரோலா நிறுவனம் 1990களில் உருவாக்கிய அழுத்திப்பேசு வகைக் கருவி. பக்கவாட்டுப் பொத்தானை அழுத்திப் பிடித்தால் வாக்கி-டாக்கி. எண்ணை அழைத்தால் தொலைபேசி. அமெரிக்காவில் நெக்ஸ்டெல் நிறுவனத்தின் வழியாக இது பரவியது. கட்டடப் பணியாளர், லாரி ஓட்டுநர், பழுதுபார்ப்போர் என வெளிவேலை செய்வோரே இதை மிகுதியாகக் கையாண்டனர்.

இதன் பிறப்பு தொலைபேசித் துறையில் நிகழவில்லை. 1987இல் ஃபிளீட் கால் என்ற பெயரில் தொடங்கிய நிறுவனம், வாடகைக் கார்களுக்கும் லாரிகளுக்கும் தகவல் சொல்லப் பயன்பட்ட ரேடியோ உரிமங்களை நகரம் நகரமாக வாங்கிச் சேர்த்தது. அந்த அலைவரிசைகளில் எண்மக் கைப்பேசிச் சேவை நடத்த அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையம் 1991இல் இசைந்தது. 1993இல் நிறுவனம் நெக்ஸ்டெல் எனப் பெயர் மாறியது.

தனித்தனியே வாங்கிய ரேடியோ அலைவரிசைகள் அகலமான தொடராக இல்லாமல் சிதறிக் கிடந்தன. அந்தக் குறையைச் சமாளித்த விதமே ஐடெனின் உண்மையான சாதனை. 800 மெகாஹெர்ட்ஸ் பட்டையில் 25 கிலோஹெர்ட்ஸ் அகலமுள்ள ஒவ்வொரு தடமும் 15 மில்லிநொடி கொண்ட ஆறு காலக்கூறுகளாகப் பிரிந்தது. முன்பு ஒரே உரையாடலுக்கு இடம் தந்த தடத்தில் ஆறு உரையாடல்கள் ஓடின. அழுத்திப் பேசும்போது ஒரு நேரத்தில் ஒருவர் மட்டுமே பேசுவதால் அதற்கு ஒரு கூறு போதும். குழு அழைப்பில் சிக்கனம் இன்னும் கூடியது: ஒரே கோபுரத்தின் எல்லைக்குள் எத்தனை பேர் கேட்டாலும் அவர்கள் எல்லோருக்கும் அந்த ஒரே கூறுதான். தொலைபேசி அழைப்புகளையும் முதலில் ஒரு கூறுக்குள் அடக்கப் பார்த்தார்கள், குரல் தெளிவில்லை. பிறகு அவற்றுக்கு இரண்டு கூறுகள் ஒதுக்கப்பட்டன, பேச்சும் தெளிந்தது.

பொத்தானை அழுத்தியதும் பறவைக் கீச்சொலி போன்ற ஓசை எழும். அதன்பிறகே பேச வேண்டும். மணியடித்து மறுமுனையில் எடுக்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. இணைப்பு ஏறக்குறைய ஒரு நொடிக்குள் கிடைத்து, குரல் நேரே ஒலிபெருக்கியில் வரும். வழக்கமான தொலைபேசி எண்ணுக்கு வெளியே, நட்சத்திரக் குறியால் பிரித்த மூன்று பகுதிகள் கொண்ட தனி எண் இச்சேவைக்கு இருந்தது: முதற்பகுதி வட்டாரத்தையும், இரண்டாவது நிறுவனக் குழுவையும், மூன்றாவது ஆளையும் குறித்தன. வேலைக்குழுவை மனத்தில் வைத்தே வடிவமைத்தார்கள் என்பதற்கு இந்த எண்முறையே சான்று.

கருவிகளில் 1999இல் வந்த ஐ1000 பிளஸ் முக்கியமானது. தொலைபேசி, ரேடியோ, ஒலிபெருக்கி, குறுஞ்செய்தி, மின்னஞ்சல், சிறு இணைய உலாவி எல்லாம் ஒரே உடலில் அமைந்தன. 2001இல் ஐ85எஸ், ஜாவா செயலிகளை ஏற்ற கைப்பேசியாக வட அமெரிக்காவில் முந்திக்கொண்டது. பின்னாளில் வந்த ஐ355 போன்றவை கோபுரமே இல்லாத இடத்திலும், அருகருகே உள்ள இரு கருவிகள் 900 மெகாஹெர்ட்ஸ் பட்டையில் நேரடியாகப் பேசிக்கொள்ள வழிசெய்தன. காடு, சுரங்கம், பேரிடர்க் களம் ஆகியவற்றில் இதன் மதிப்பைச் சொல்லவே வேண்டாம்.

எந்த அலைவரிசை இதை வளர்த்ததோ அதுவே சிக்கலும் ஆயிற்று. போலீஸ், தீயணைப்பு ரேடியோக்களும் அதே பட்டையை நெருக்கமாகப் பகிர்ந்துகொண்டதால் குறுக்கீடு எழுந்தது. 2004இல் ஆணையம் பட்டையை மறுசீரமைக்க உத்தரவிட்டது. 2005இல் நெக்ஸ்டெல்லைத் தன்னுடன் இணைத்த ஸ்பிரிண்ட் நடத்தியதோ முற்றிலும் வேறான சிடிஎம்ஏ வலை. இரண்டு வலைகளையும் சேர்த்துப் பராமரிப்பது பெருஞ்சுமை. குரலுக்காகச் செதுக்கிய குறுகிய தடங்களில் தரவும் மெதுவாகவே ஊர்ந்தது; திறன்பேசிகள் வந்தபின் அந்த வேகம் யாருக்கும் போதவில்லை.

2013 ஜூன் 30 அன்று ஸ்பிரிண்ட் ஐடென் வலையை நிறுத்தியது. கனடாவில் டெலஸ் நடத்திய மைக் சேவை 2016 ஜனவரி வரை நீடித்தது. அமெரிக்காவில் விடுபட்ட 800 மெகாஹெர்ட்ஸ் அலைக்கற்றையை ஸ்பிரிண்ட் தன் எல்டிஇ சேவைக்குத் திருப்பிக்கொண்டது.