மலாயாவின் இரண்டு அரிசிகள்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் மலாயாவுக்குப் பிழைக்கப் போனவர்களில் இரண்டு பெரிய கூட்டத்தார் உண்டு. சீனர்கள் ஈயச் சுரங்கங்களில் இறங்கினார்கள். தமிழர்கள் தோட்டங்களிலும் சாலை, ரயில்பாதை வேலைகளிலும் சேர்ந்தார்கள். இரு சாராருக்கும் சோறுதான் உணவு. வெயில், மழை, கொசு, கூலிக் கொட்டகை எல்லாம் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் பெரிபெரி என்ற நோய் மட்டும் ஆள் பார்த்து வந்தது. முதலில் கால் மரத்துப்போகும், பிறகு நடை தள்ளாடும், சிலருக்கு உடம்பெல்லாம் நீர் கோத்து இதயம் நின்றுவிடும். சீனத் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் இப்படி மாண்டார்கள். தமிழர்களிடம் அது அபூர்வமாகவே தென்பட்டது. நெகிரி செம்பிலானில் அரசு மருத்துவராக இருந்த லெனார்டு பிராடன் இந்த வேறுபாட்டைத் துருவிப் பார்த்து, 1907-இல் ஒரு நூலாகவே எழுதினார். சீனர்கள் உண்டது சயாமிலிருந்து மூட்டையில் வந்த, ஆலையில் தீட்டி வெளுத்த பச்சரிசி. தமிழர்கள் உண்டது புழுங்கலரிசி. கிராமத்து மலாய்க்காரர்கள் தங்கள் வயல் நெல்லை அவ்வப்போது குத்தி உண்டார்கள்; அவர்களையும் நோய் பெரும்பாலும் தொடவில்லை.

இந்தக் கதை வழக்கமாக மருத்துவ அறிவியலின் வெற்றியாகச் சொல்லப்படுகிறது. அது வெற்றிதான், சந்தேகமில்லை. ஆனால் நோயைத் தடுக்கப் போதுமான விடை, நோய் வராதவர்களின் அடுப்படியைப் பார்த்தாலே கிடைக்கும்படி இருந்தது. பெரும்பகுதி அப்படித்தான் கிடைத்தது. அந்த விடையை ஐயத்துக்கு இடமின்றி நிறுவுவதற்காக, மறுக்க வழியில்லாத மனிதர்கள் மீது சோதனைகள் நடந்தன. அவற்றில் போன உயிர்களை அறிவுக்குக் கொடுத்தே ஆகவேண்டிய விலை என்று சொல்லிவிட முடியாது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

முதலில் புழுங்கலரிசியையே கொஞ்சம் கிட்டத்தில் பார்க்கலாம். நெல்லைத் தண்ணீரில் ஊறப்போட்டு, அண்டாவில் ஆவி வர அவித்து, களத்தில் பரப்பிக் காலால் கிளறிக் காயவைத்து, அதன் பின்தான் குத்துவது. ஊறும்போதும் வேகும்போதும் தவிட்டிலும் முளைப்பகுதியிலும் இருக்கும் நீரில் கரையும் சத்துகள் அரிசியின் உள்ளே இறங்குகின்றன. மாவுப்பொருள் வெந்து இறுகுவதால் அவை அங்கேயே பிடிபட்டு நிற்கின்றன. பிறகு தவிடு போகத் தீட்டினாலும், சமைக்குமுன் இரண்டு மூன்று தண்ணீர் விட்டுக் களைந்தாலும், ஒரு பங்கு மிஞ்சுகிறது. பச்சரிசியைத் தீட்டினால் தயாமின் என்ற பி1 வைட்டமினில் பெரும்பகுதி தவிட்டோடு மாட்டுத் தொட்டிக்குப் போய்விடும். அந்த வைட்டமின் இல்லாமல் உடல் மாவுச்சத்தை ஆற்றலாக மாற்ற முடியாது. நரம்பும் இதயமும் முதலில் தளரும். சோற்றைத் தவிர வேறொன்றும் அதிகம் கிடைக்காதவனுக்கு இது உயிர்ப் பிரச்சினை.

இதை முன்னோரின் மருத்துவ ஞானம் என்று கொண்டாடத் தோன்றும். ஆனால் நெல்லை அவித்தவர்களின் கணக்கு வேறு. அவித்த நெல்லில் உமி லேசாகக் கழலும், உலக்கைக்கு நொய் அதிகம் விழாது, வண்டு சீக்கிரம் பற்றாது. குத்துகிறவளின் கைவலிக்கும் குதிரின் பாதுகாப்புக்கும் ஏற்ற வழி அது. நோய்த் தடுப்பு அதில் கேளாமல் கிடைத்தது. ஒரு வழக்கம் தன் பயனை அறியாமலே பயன் தரக்கூடும். அதனால்தான் வழக்கங்களை நம்பினால் மட்டும் போதாது, அவற்றை ஆராயவும் வேண்டியிருக்கிறது. ஆராய்ச்சியே வேண்டாம் என்பது இங்கே வாதமல்ல. எப்படிப்பட்ட ஆராய்ச்சி, யாரை வைத்து என்பதுதான் கேள்வி.

ஆராய வேண்டிய சான்று மலாயாவுக்கு முன்பே சென்னை மாகாணத்தில் கிடந்தது. மாகாணப் படையின் மருத்துவர் மால்கம்சன் 1835-இலேயே பெரிபெரி பற்றிச் சென்னையில் ஒரு நூல் வெளியிட்டார். அந்த நோய்க்குப் பேர்போன இடம் வட சர்க்கார், அதாவது இன்றைய ஆந்திரக் கடலோர மாவட்டங்கள். அங்கே பச்சரிசி வழக்கம். புழுங்கலரிசி உண்ட தமிழ் மாவட்டங்கள் தப்பின. ஒரே அரசு, ஒரே கடற்கரை. அரிசி மட்டும் வேறு. இந்தத் தொடர்பைக் குன்னூர் ஆய்வகத்திலிருந்து ராபர்ட் மெக்காரிசனும் நாரிஸும் 1924-இல் முறையாக எழுதினார்கள். அதே குன்னூரில் ஏக்ராய்டும் அவருடைய சகாக்களும் 1940-இல் இந்திய அரிசிச் சிக்கல் பற்றிய விரிவான அறிக்கையை அச்சேற்றினார்கள். தமிழ்நாட்டிலும் பச்சரிசி உண்டவர்கள் இருந்தார்களே, அவர்கள் ஏன் விழவில்லை என்று கேட்கலாம். பச்சரிசி வசதியான வீடுகளின் அரிசி. அதோடு பருப்பும் காயும் மோரும் இலையில் விழுந்தன. விடியற்காலை முதல் சோறும் உப்பும் மட்டுமே கண்டவனுக்குத்தான் அரிசியின் தவிடு ஆயுளைத் தீர்மானித்தது.

ஜாவாவில் டச்சு மருத்துவர் கிறிஸ்டியான் எய்க்மான் 1889-இல் தம் ஆய்வகக் கோழிகள் பெரிபெரி போன்ற முடக்கத்தால் விழுவதைக் கண்டார். ராணுவ மருத்துவமனையில் மிஞ்சிய தீட்டிய அரிசிச் சோறு போட்டபோது விழுந்தன. தவிடு நீங்காத அரிசிக்கு மாற்றியதும் எழுந்தன. கோழிக்குச் சரி, மனிதனுக்கு? அதற்கு விடை தேடிய அடோல்ஃப் வோர்டர்மான் யாருக்கும் புதிதாக எதையும் ஊட்டவில்லை. ஜாவாவின் 101 சிறைகளில் ஏற்கெனவே என்ன அரிசி வேகிறது, எத்தனை பேருக்கு நோய் என்று கணக்கெடுத்து 1897-இல் வெளியிட்டார். தவிடு நீங்காத அரிசி பொங்கிய 37 சிறைகளில் ஒன்றில் மட்டுமே பெரிபெரி. தீட்டிய அரிசி பொங்கிய 51 சிறைகளில் 36-இல் நோய். கட்டடத்தின் வயது, காற்றோட்டம், நெரிசல் ஆகியவற்றையும் பார்த்து, அவை காரணமல்ல என்று காட்டினார். 1901-இல் கெரிட் கிரைன்ஸ், அரிசியில் நஞ்சு எதுவும் இல்லை, தீட்டும்போது உடலுக்கு வேண்டிய ஏதோ ஒன்று போய்விடுகிறது என்ற முடிவுக்கே வந்துவிட்டார். அதற்கும் முன்பு, 1884-இல் ஜப்பானியக் கடற்படை மருத்துவர் தகாகி ஒரு கப்பலின் உணவை மாற்றி, முந்தைய பயணத்தில் 25 பேரைக் கொன்ற நோயை அதே கடல்வழியில் ஒரு சாவும் இல்லாமல் கடந்து காட்டியிருந்தார். புரதக் குறைவுதான் காரணம் என்ற அவருடைய விளக்கம் தவறு. உணவை மாற்ற வேண்டும் என்ற தீர்வு சரி. ஜப்பானியத் தரைப்படை மருத்துவர்கள் விளக்கத்தில் இருந்த ஓட்டையைச் சுட்டித் தீர்வையும் தள்ளினார்கள். 1904-05 ரஷ்யப் போரில் அவர்களுடைய வீரர்களில் 27,000 பேருக்கு மேல் பெரிபெரியால் இறந்தார்கள்.

இவ்வளவும் கையில் இருந்த நிலையில்தான் கோலாலம்பூர் மனநலக் காப்பகத்தில் வில்லியம் ஃப்ளெட்சரின் சோதனை தொடங்கியது. 1905-இல் அங்கே பெரிபெரி கடுமையாகப் பரவியிருந்தது. ஆண்டின் இறுதியில் நோயாளிகளை வரிசையாக நிறுத்தி எண் கொடுத்தார்கள். ஒற்றைப்படை எண்காரர்கள் முற்றத்தின் ஒரு பக்கம், பழையபடி சயாம் அரிசி. இரட்டைப்படை எண்காரர்கள் மறுபக்கம், இந்தியப் புழுங்கலரிசி. மற்ற உணவில் வேறுபாடு இல்லை. ஓராண்டு ஓடியது. புழுங்கலரிசி உண்ட 123 பேரில் இரண்டே பேருக்கு நோய், அவர்களும் உள்ளே வரும்போதே அதோடு வந்தவர்கள். வெள்ளையரிசி உண்ட 120 பேரில் முப்பதுக்கும் மேற்பட்டோர் விழுந்தார்கள், 18 பேர் இறந்தார்கள். முறையியல் நோக்கில் பழுது காண முடியாத ஏற்பாடு. இன்றும் மருத்துவ ஆய்வு வரலாற்றில் ஒப்பீட்டுச் சோதனையின் முன்னோடிகளில் ஒன்றாக அது மதிக்கப்படுகிறது.

இங்கே எழும் மறுப்புகள் வலுவானவை. ஃப்ளெட்சர் யாருக்கும் புதிதாகக் கெடுதல் செய்யவில்லை. காப்பகம் எப்படியும் அந்த அரிசியைத்தான் போட்டுக்கொண்டிருந்தது. பாதிப் பேரை அவர் காப்பாற்றியே இருக்கிறார். இது உண்மை. ஆனால் தொடக்கத்தில் செல்லும் இந்த நியாயம், மாதங்கள் போகப் போக வலுவிழக்கிறது. ஒரு பக்கம் ஆட்கள் சாய்வதும் மறுபக்கம் யாருக்கும் ஒன்றும் ஆகாததும் கண்ணுக்குத் தெரியும்போது எங்கே நிறுத்துவது என்ற கேள்வி வந்தாக வேண்டும். ஆண்டு முடியும்வரை பிரிவு நீடித்தது. இன்னொரு மறுப்பு: நம் காலத்து அறத்தை அந்தக் காலத்தின் மேல் ஏற்றலாமா? ஏற்றவே வேண்டாம். அந்தக் காலத்தின் அளவுகோலே போதும். 1900 டிசம்பரில் பிரஷ்ய அரசு தன் மருத்துவமனைகளுக்கு ஓர் ஆணை பிறப்பித்தது. சிகிச்சை நோக்கமில்லாத சோதனைகளைச் சிறுவர்கள் மீதும், தாமே முடிவெடுக்க இயலாதவர்கள் மீதும் செய்யக் கூடாது. மற்றவர்களிடமும் விளக்கிச் சொல்லி ஒப்புதல் பெற வேண்டும் என்றது அது. மனநலக் காப்பகத்தில் இருப்பவர் யார் என்று அந்த ஆணையைப் படித்தவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. பிரிட்டிஷ் மலாயாவை அது கட்டுப்படுத்தவில்லை என்பது சட்டத்துக்குப் பதில், மனசாட்சிக்குப் பதிலாகாது.

வேறு விதமாகவும் செய்திருக்கலாம் என்பதற்கு அதே மலாயாவில் அடுத்த சோதனை சாட்சி. ஹென்றி ஃப்ரேசரும் தாமஸ் ஸ்டான்டனும் 1907-இல் நெகிரி செம்பிலான் காட்டுக்குள் சாலை போட வந்த ஏறத்தாழ 300 ஜாவாத் தொழிலாளர்களை இரண்டு குழுவாக்கினார்கள். வெள்ளையரிசிக் குழுவில் சுமார் மூன்று மாதத்தில் பெரிபெரி தலைகாட்டியதும் அரிசியை மாற்றினார்கள், நோய் அடங்கியது. பின்பு மறு குழுவுக்கு வெள்ளையரிசி போய், அங்கும் நோய் வந்தது. நோய் வந்ததும் நிறுத்துவது என்ற விதி சோதனையைக் கெடுத்துவிடவில்லை. உண்மையில் அரிசிதான் காரணம் என்பதை அது இன்னும் உறுதியாக்கியது. இதையும் மாசற்றது என்று சொல்ல முடியாது. கூலிக்கு வந்தவன் முன் வைத்த தட்டை மறுக்கும் நிலையில் இருந்தானா என்பது நியாயமான கேள்வி, அதுவும் இரண்டாம் குழுவுக்குத் தெரிந்தே கெட்ட அரிசி போட்டபோது. அடுத்து மணிலாவின் பிலிபித் சிறையில் ஸ்ட்ராங்கும் குரோவெலும் மரண தண்டனைக் கைதிகள் 29 பேர் மீது ஒரு சோதனை நடத்தி, முடிவை 1912-இல் வெளியிட்டார்கள். கைதிகளின் மொழியிலேயே எழுதிய ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கப்பட்டது. ஆனால் தூக்குமேடைக்குக் காத்திருப்பவனின் கையெழுத்து எவ்வளவு பெறும்? அதுவும் 1910-இல் அதே மணிலாவில் கூடிய தூரக்கிழக்கு வெப்பமண்டல மருத்துவ மாநாடு, பெரிபெரிக்கும் தீட்டிய வெள்ளையரிசிக்கும் தொடர்பு உண்டு என்று தீர்மானமே போட்டு முடித்த பிறகு.

அதன்பின் வந்த வேதியியல் பகுதி விரைவாகச் சொல்லக்கூடியது. ஃபங்க் 1912-இல் வைட்டமின் என்ற கருத்தை வைத்தார். மணிலாவில் தவிட்டுச் சாறு ஊட்டிக் கைக்குழந்தைகளின் பெரிபெரியைத் தீர்த்த பணியில் சேர்ந்தவர் ராபர்ட் வில்லியம்ஸ். அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூரில் பிறந்தவர். ஜாவாவில் 1926-இல் யான்சனும் டோனாத்தும் தவிட்டிலிருந்து தயாமினைப் பளிங்காகப் பிரித்தார்கள். வில்லியம்ஸ் 1936-இல் அதன் அமைப்பைக் கண்டு ஆய்வுக்கூடத்தில் உருவாக்கினார். 1929-இல் எய்க்மானுக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் அரிசி ஆலைகள் இதற்கெல்லாம் காத்திருக்கவில்லை. வெளுத்த அரிசி மூட்டையில் நாள்பட நிற்கும், கப்பலில் கெடாது, பார்வைக்கு அழகு, விலையும் ஏறும். அறிவு உறுதியான பிறகும் அந்த அரிசியே ஆசியா முழுதும் பரவியது. சயாம் மரண ரயில்பாதையில் 1942-43-இல் மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்களும் போர்க்கைதிகளும் அரைவயிற்றுக்கு வெள்ளைச்சோறு பெற்றபோது, காலராவோடும் மலேரியாவோடும் பெரிபெரியும் முகாம்களைச் சூறையாடியது. தமிழர்களைக் காத்தது அவர்களுடைய ரத்தமல்ல, அரிசிதான் என்பதற்கு இதைவிடக் கொடிய நிரூபணம் தேவையில்லை.

புழுங்கலரிசியை இனி முழு மருந்தாக்கிவிடவும் கூடாது. மெக்காரிசன் குன்னூரில் இந்தியாவின் பல பகுதி உணவுகளை எலிகளுக்குப் போட்டுப் பார்த்தபோது, முழுக்கோதுமை ரொட்டி, பால், பருப்பு, பச்சைக் காய்கள் கொண்ட சீக்கியர் உணவில் வளர்ந்தவை கொழுகொழுவென்று இருந்தன. சோற்றையே நம்பிய மதராஸ் உணவில் வளர்ந்தவை வரிசையின் அடியில் நின்றன. பெரிபெரியிலிருந்து தப்புவது வேறு, நன்றாக வாழ்வது வேறு. ஆனால் இந்த வரலாறு இன்னொன்றையும் தெளிவாக்குகிறது. நோயைத் தடுக்க இறைச்சி வேண்டுமா, தாவர உணவு போதுமா என்ற தகராறு இங்கே வழிகாட்டவில்லை. தகாகி இறைச்சியை நம்பினார், ஆனால் அவர் சேர்த்த பார்லியிலேயே தயாமின் இருந்தது. தானியத்தை எப்படிக் கையாண்டார்கள், அதோடு என்ன சேர்த்தார்கள் என்பதே தீர்மானித்தது. தாவர உணவு நல்லதா என்று பொத்தாம்பொதுவாகக் கேட்பவர், தவிடு இருந்ததா, பருப்பு விழுந்ததா என்று கேட்டால்தான் விடை கிடைக்கும்.

ஆக, மனித சோதனையே வேண்டாம் என்று முடிவு கட்டுவதற்கில்லை. 1905-இல் அரிசியில் நஞ்சு, கிருமி, குறைபாடு என்று மூன்று கட்சிகள் மோதிக்கொண்டிருந்தன. யாராவது ஒப்பிட்டுத்தான் பார்க்க வேண்டியிருந்தது. ஆனால் காரணம் எது என்ற சண்டை தீரும் முன்பே எந்த அரிசி காக்கிறது என்பது தெரிந்துவிட்டது. காரணம் முழுதாகப் பிடிபடும்வரை தடுப்பைத் தள்ளிப்போடுவது, தள்ளிப்போடுகிறவர் தட்டில் அந்த அரிசி விழாதபோது எளிது. இன்றும் உணவு பற்றிய ஆய்வுகள் சிறைகளிலும் விடுதிகளிலும் ஏழைக் குடியிருப்புகளிலும் நடக்கின்றன. அவற்றுக்கு அனுமதி தரும் குழுக்கள் மூன்றைக் கேட்டாக வேண்டும்: சோதிக்கும் விடை வேறெங்கோ ஏற்கெனவே சமைக்கப்பட்டுக்கொண்டிருக்கிறதா, பங்கேற்பவர் வேண்டாம் என்று சொன்னால் அவருக்கு என்ன நேரும், எத்தனையாவது நோயாளியோடு நிறுத்துவது. ஃப்ளெட்சரின் எண்வரிசையை யாராவது இந்தக் கேள்விகளோடு நிறுத்தியிருந்தால், நாம் அறிந்ததில் ஒன்றும் குறைந்திருக்காது. ஒற்றைப்படை எண்காரர்களில் சிலராவது மிஞ்சியிருப்பார்கள்.