1991 டிசம்பர்: பெங்களூரின் மேற்கில் மூண்ட தீ

பெருநகரங்களில் வன்முறை பெருகுவது ஏன் என்று கேட்டால், மக்கள்தொகை, வேலையின்மை, வெளியூரார் வருகை என்று ஒரு பட்டியல் உடனே நீட்டப்படும். 1991 டிசம்பரில் பெங்களூர்த் தமிழர்மீது நிகழ்ந்த தாக்குதலுக்கு அப்பட்டியல் பாதி விடையே தருகிறது.

அவ்வாண்டு ஜூன் 25 அன்று காவிரி நடுவர் மன்றம் தமிழ்நாட்டுக்கு 205 டி.எம்.சி. நீர் வழங்க இடைக்கால ஆணையிட்டது. பங்காரப்பா அரசு அதனை ஏற்க மறுத்து அவசரச் சட்டம் கொணர்ந்தது. அச்சட்டம் அரசியலமைப்புக்கு முரணானது என்று உச்ச நீதிமன்றம் நவம்பரில் கருத்துரைத்தது. டிசம்பர் 11 அன்று ஆணை மத்திய அரசிதழில் வெளியாயிற்று. மறுநாள் தீவைப்பு தொடங்கியது. 15-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். பல்லாயிரவர் எல்லை கடந்து தமிழகம் வந்தனர்.

தீ எங்கே மூண்டது என்பதைக் கவனிக்க வேண்டும். 1809-இல் ஆங்கிலேயர் தண்டு அமைத்த காலந்தொட்டு அல்சூர், சிவாஜிநகர் வட்டாரங்களில் தமிழர் செறிந்து வாழ்கின்றனர். மொழி வெறுப்பு ஒன்றே காரணமாயின், அங்கன்றோ கலவரம் உச்சங்கொண்டிருக்க வேண்டும்? (அங்கும் அச்சம் இல்லாமலில்லை. அல்சூரில் நிறுவிய வள்ளுவர் சிலை 2009 ஆகஸ்ட் வரை திறக்கப்படாமல் மூடியே கிடந்தது.) பெரிதும் அடிபட்டவையோ மேற்கு, வடமேற்குப் புறங்களின் குடிசைப்பகுதிகள். கட்டடக் கூலிகளும் சிறுபட்டறைத் தொழிலாளரும் வாழ்ந்த இடங்கள் அவை. பலருக்குப் பட்டா இல்லை. பரிந்து பேச வலுவான அமைப்பும் இல்லை. கிராமங்களிலிருந்து வந்த கன்னட இளைஞர்களும் அதே வேலைகளையே நம்பியிருந்தனர்.

1971-இல் ஏறத்தாழ 16 லட்சமாயிருந்த நகரம் 1991-இல் 41 லட்சமாயிற்று. இடையே 1980-81-இல் பொதுத்துறை ஆலைத் தொழிலாளர் 77 நாள் நடத்திய வேலைநிறுத்தம் தோல்வியில் முடிந்தது. தொழிற்சங்கம் தளர்ந்த இடத்தை மொழியியக்கம் நிரப்பியது என்பது என் துணிபு. 1982-இல் ராஜ்குமார் முன்னின்ற கோகாக் போராட்டம் பள்ளிக்கல்வியில் கன்னடத்துக்கு முதலிடம் கேட்டது. 1986-இல் சரோஜினி மகிஷி குழுவின் அறிக்கை வேலைவாய்ப்பில் கன்னடியர்க்கு முன்னுரிமை கேட்டது. இரண்டும் அறப்பிழையான கோரிக்கைகள் அல்ல. ஆயினும் ஆலை முதலாளியை நோக்கியிருந்த சினம் பக்கத்துக் குடிசையை நோக்கித் திரும்ப அவை மொழி தந்தன. சட்டத்தை மீறத் துணிவு தந்தது, நடுவர் மன்ற ஆணையையே ஏற்க மறுத்த மாநில அரசு.

2016 செப்டம்பர் 12 அன்று மீண்டும் காவிரி. மீண்டும் நகரின் மேற்குப்புறமே. மைசூர்ச் சாலையை ஒட்டிய பணிமனையில் தமிழகத் தனியார் நிறுவனமொன்றின் 40-க்கும் மேற்பட்ட பேருந்துகள் எரிந்தன.