இலங்கைத் தேங்காயில் எரிந்த லண்டன் மெழுகுதிரி



வீட்டில் மெழுகுதிரி செய்து விற்கத் தொடங்கியிருக்கும் எங்கள் ஊர்ச் சகோதரிகள் சிலர் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான். "சேர், நல்ல பரபின் மெழுகு வாங்கித்தானே ஊத்துறோம், பிறகு ஏன் மெழுகுதிரி வளையுது?" இந்தக் கேள்வி 150 வருடங்களுக்கு மேல் பழையது. அதற்கு விடை கண்ட கதையில் எங்கள் நாட்டுத் தென்னைக்கும் பங்கிருக்கிறது. பதிவு கொஞ்சம் நீளம், பொறுமையாக வாசியுங்கள்.

ஐரோப்பாவில் அந்தக் காலத்து ஏழை வீடுகளில் எரிந்தது ஆட்டுக் கொழுப்பும் மாட்டுக் கொழுப்பும். நாற்றம், புகை, கருகிய திரியை அடிக்கடி வெட்டிவிடும் வேலை வேறு. தேன்மெழுகு பணக்காரருக்கும் தேவாலயங்களுக்கும் மட்டுந்தான் கட்டுபடியானது. (பிரெஞ்சு மொழியில் மெழுகுதிரிக்கு 'பூஜி' என்று பெயர். தேன்மெழுகு ஏற்றுமதி செய்த அல்ஜீரியாவின் பிஜாயா துறைமுகத்தின் பெயர்தான் அப்படித் திரிந்தது.) பிறகு செவ்ரூல் என்ற பிரெஞ்சு இரசாயனவியலாளர் கொழுப்பைப் பிரித்து, அதிலுள்ள கெட்டியான பகுதியான ஸ்டியரிக் அமிலத்தைத் தனியே எடுத்தார். 1825இல் கே-லுசாக்குடன் சேர்ந்து அதில் மெழுகுதிரி செய்யக் காப்புரிமையும் பெற்றார். சரக்கு நல்லது, விலைதான் அதிகம்.

இந்த இடத்தில்தான் தேங்காய் வருகிறது. 1830இல் வில்லியம் வில்சன் என்பவரும் அவருடைய கூட்டாளியும் லண்டனில் 'எட்வர்ட் பிரைஸ்' என்ற பெயரில் மெழுகுதிரிக் கம்பனி ஒன்றைத் தொடங்கினார்கள். பிரைஸ் என்று ஒரு கூட்டாளி இருக்கவே இல்லை. மெழுகுதிரி வியாபாரம் மதிப்பான தொழில் அல்ல என்று சொந்தப் பெயரை மறைத்துக்கொண்டார்கள். தேங்காய் எண்ணெயை அழுத்திக் கெட்டிப் பகுதியைப் பிரிக்கும் முறை அவர்கள் கையில் இருந்தது. அதற்காக இலங்கையில் சுமார் 1,000 ஏக்கர் தென்னந்தோட்டமும் வாங்கினார்கள். எங்கள் வீட்டுப் போத்தலில் தண்ணீர் மாதிரி ஓடும் எண்ணெய் 24 பாகை செல்சியசுக்குக் கீழே போனால் உறைந்துவிடும். நுவரெலியாவில் இருந்தவர்களுக்கு இது தெரியும். லண்டன் குளிரில் கேட்கவா வேண்டும்!

ஆனாலும் தேங்காய்க் கொழுப்பு மட்டும் போதவில்லை. வில்சனின் மகன் அதோடு ஸ்டியரிக் அமிலத்தைக் கலந்தார். 1840 பெப்ரவரியில் விக்டோரியா மகாராணிக்குத் திருமணம். அந்நாளில் ஜன்னலில் மெழுகுதிரி ஏற்றுவது அங்குள்ள வழக்கம். திரி வெட்டத் தேவையில்லாத, விலையும் மலிவான இந்தக் கலப்பு மெழுகுதிரி சரியாக அந்தத் தருணத்தில் கடைக்கு வந்தது. எங்கள் கரையோரத் தேங்காய் லண்டன் ஜன்னல்களில் எரிந்தது. காய் பறித்தவன் குடிசையில் அன்றைக்கு எந்த விளக்கு எரிந்ததென்று எவரும் எழுதி வைக்கவில்லை.

பரபினும் 1830இல் கிடைத்ததுதான். ஜேர்மனியரான ரைக்கன்பாக் மரத்தாரிலிருந்து அதைப் பிரித்தெடுத்தார். எந்த இரசாயனத்தோடும் லேசில் சேராத பொருள் என்பதால் 'ஒட்டுறவு குறைந்தது' என்ற பொருள்படும் லத்தீன் சொற்களிலிருந்து பெயர் வைத்தார்கள். 1850இல் ஸ்கொட்லாந்தின் ஜேம்ஸ் யங் நிலக்கரியிலிருந்து அதை எடுக்கக் காப்புரிமை பெற்றார். 1854இல் வாரன் டி லா ரூ பர்மாவின் ரங்கூன் எண்ணெயிலிருந்து எடுக்கும் முறைக்குக் காப்புரிமை பெற, பிரைஸ் கம்பனி அதையும் பிடித்துக்கொண்டது. பர்மாவில் மனிதர்கள் கையால் கிணறு தோண்டி அந்த எண்ணெயை இறைத்தார்கள். ஆங்கிலேயர் அதை மண்ணின் எண்ணெய் என்றே அழைத்தார்கள். நாமும் 'மண்ணெண்ணெய்' என்றுதானே சொல்கிறோம்.

பரபின் வெள்ளை வெளேரென்று இருந்தது, நாற்றமில்லாமல் பிரகாசமாக எரிந்தது. ஒரேயொரு குறை, சூடான அறையில் தலைகுனிந்தது. அதாவது உங்கள் பிரச்சினையேதான்! அதற்கும் பழைய ஸ்டியரிக் அமிலமே கைகொடுத்தது. பரபினில் அதைக் கலந்தால் மெழுகுதிரி விறைப்பாக நிற்கும், அச்சிலிருந்தும் சுலபமாகக் கழலும்.

ஆகவே கொழும்பில் மெழுகு வாங்கும்போது முதலில் உருகும் அளவைக் கேளுங்கள். 58/60 என்றால் 58 முதல் 60 பாகையில் உருகும். தகரக் கூரைக்குக் கீழே அடுக்கி விற்கும் எங்கள் வெயிலுக்கு அதைவிடக் குறைந்தது வேண்டாம். அடுத்தது எண்ணெய் அளவு. முழுதாகச் சுத்திகரித்த மெழுகில் அது அரை வீதத்துக்கு மேல் இராது. விரலில் பிசுபிசுத்தால், மலிவாகக் கிடைத்தாலும் விட்டுவிடுங்கள். கிலோவுக்கு 100 கிராம் அளவில் ஸ்டியரிக் அமிலம் சேர்த்துப் பாருங்கள். அதைப் பாம் எண்ணெயிலிருந்தும் எடுக்கிறார்கள், மிருகக் கொழுப்பிலிருந்தும் எடுக்கிறார்கள். மார்க்கத் தீர்ப்புச் சொல்வது என் வேலையல்ல. எதிலிருந்து எடுத்ததென்று கடைக்காரரிடம் கேட்பது உங்கள் உரிமை.

திரியில் சிக்கனம் பார்க்காதீர்கள். தையல் நூலை முறுக்கிப் போட்டால் நுனி கருகி நிமிர்ந்து நின்று புகைக்கும். 1825இல் கம்பசெரே என்ற பிரெஞ்சுக்காரர் நூலைப் பின்னித் திரியாக்கினார். பின்னிய திரி எரியும்போது வளைந்து சுடரின் ஓரத்துக்கு வந்து தானே சாம்பலாகிவிடும். அதற்குப் பிறகுதான் வீடுகளில் திரி வெட்டும் கத்தரிக்கோல் வேலையிழந்தது.

2022 மார்ச் கடைசியில் 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் இருந்தோமே, அந்த இரவுகளில் சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்த பிள்ளைகளுக்கு ஒரு மெழுகுதிரி எவ்வளவு நேரம் நின்று எரிகிறது என்பது சின்ன விஷயமாக இருக்கவில்லை. உங்களிடம் வாங்குகிறவர்களும் அப்படித்தான் வாங்குவார்கள்.

கடைசியாக ஒன்று. மெழுகுச் சட்டியை நேரே காஸ் அடுப்பில் வைக்க வேண்டாம். கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து உருக்குங்கள், சூடு 100 பாகையைத் தாண்டாது. நேரடி நெருப்பில் 200 பாகை வரை ஏறிவிட்டால் ஆவியே தீப்பற்றும். பற்றினால் தண்ணீர் ஊற்றக் கூடாது. தண்ணீர் அடியில் போய் நொடியில் ஆவியாகி, எரியும் மெழுகைக் கூரைவரை வீசும். அடுப்பை அணைத்து, இறுக்கமான மூடியால் மூடிவிடுங்கள். அந்த மூடியை முதலிலேயே பக்கத்தில் எடுத்து வைத்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.