எழுத்தைக் கலைத்துச் சொல்லைத் தேடியவர்கள்

கீழ்ப்பழனி மலையில் பாச்சலூர், தாண்டிக்குடிப் பக்கத்துக் காபித் தோட்டங்களையும் மிளகுக் கொடிகளையும் தாண்டி மேலே ஏறினால், மலை மடிப்புகளில் ஈரம் காத்து நிற்கும் காட்டுக்குச் சோலை என்று பெயர். மலையேறிய வெள்ளைக்காரர்கள் அந்தப் பெயரையே 'ஷோலா' என்று எழுதிக்கொண்டார்கள். ஆங்கிலத்தின் சேம்பர்ஸ் அகராதி, தமிழிலிருந்து வந்தது என்று குறித்தே அதைச் சேர்த்துக்கொண்டது.

எழுத்து வில்லைகளைப் பலகையில் அடுக்கிச் சொல் அமைக்கும் ஸ்கிராபிள் ஆட்டத்தை ஆடுபவர்களுக்கு அந்தச் சொல் வேறு விதத்தில் பழக்கம். எஸ், எச், ஓ, எல், ஏ என்ற ஐந்து எழுத்துகள் கையில் வந்தால் மீன்கூட்டத்தைக் குறிக்கும் 'ஷோல்' உடனே தெரியும். ஒளிவட்டங்களைக் குறிக்கும் 'ஹேலோஸ்' அடுத்துத் தோன்றும். நெட்டித் தொப்பிக்குப் பெயர் தந்த 'சோலா' செடியும், நம் மலைச் சோலையும் தேர்ந்தவர் கண்ணில்தான் படும்.

இந்தத் தேடலுக்குச் சாதாரண அகராதி உதவாது. முதல் எழுத்து தெரிந்தால்தான் அகராதிக்குள் நுழைய முடியும். எழுத்துகள் கலைந்து கிடந்தால் எந்தப் பக்கத்தைப் புரட்டுவது?

அமெரிக்காவின் பெரும் பொருளாதார வீழ்ச்சியில் வேலையிழந்த கட்டடக் கலைஞர் ஆல்ஃபிரட் பட்ஸ், இந்தத் தேடலையே விளையாட்டாக்கினார். எந்த எழுத்து எவ்வளவு புழங்குகிறது என்று செய்தித்தாள் பக்கங்களில் உட்கார்ந்து எண்ணினார். அந்தக் கணக்கிலிருந்து பிறந்தவைதான் ஆட்டத்தின் 100 வில்லைகள். அவற்றில் 'இ' மட்டும் 12. பன்மை விகுதியைச் சேர்த்தே எல்லாரும் எளிதாகப் புள்ளி வாங்கிவிடக் கூடாது என்று 'எஸ்' எழுத்தை நான்கோடு நிறுத்தினார். 1948-இல் ஜேம்ஸ் புருனோ அதற்கு ஸ்கிராபிள் என்று பெயர் வைத்து விற்கத் தொடங்கினார்.

போட்டிக்காரர்கள் கண்ட உபாயம் எளிமையானது. கையிலுள்ள எழுத்துகளை அகர வரிசையில் அடுக்கினால் ஏ, எச், எல், ஓ, எஸ் என்று வரும். இந்த ஒரே அடுக்கின் கீழ் அந்த நான்கு சொற்களையும் மனப்பாடம் செய்துவிடுவார்கள். எழுத்துகள் எப்படிக் கலைந்து வந்தாலும் அடுக்கு மாறாது. கணினி நிரல்களும் இதே வழியில் சொல் தேடுகின்றன. 1988-இல் ஆண்ட்ரூ ஆப்பெல், கை ஜேக்கப்சன் இருவரும் இன்னொரு வழி காட்டினார்கள்: சொற்பட்டியல் முழுவதையும் ஒரு வலைப்பின்னலாகச் சுருக்கி, பலகையில் பொருந்தும் சொற்களை வேகமாகக் கண்டுபிடிக்கும் முறை அது.

இந்த ஆட்டத்தில் நம் பக்கத்து ஆட்களும் பேர் வாங்கியிருக்கிறார்கள். 2007-இல் மும்பையில் நடந்த உலகப் போட்டியின் இறுதிச் சுற்றுவரை போனவர் மலேசியாவின் கணேஷ் ஆசீர்வாதம். நியூசிலாந்தில் பிறந்த நைஜல் ரிச்சர்ட்ஸிடம்தான் தோற்றார். தமிழ்நாட்டின் தலைமைச் செயலாளராக இருந்த மோகன் வர்கீஸ் சுங்கத்தும் தேர்ந்த ஸ்கிராபிள் ஆட்டக்காரர்.

ஆனால் எழுத்தைப் பிடித்துச் சொல்லைத் தேடுவது தமிழுக்குப் புதிதே அல்ல. பழைய நிகண்டுகள் தேவர் பெயர், மக்கள் பெயர், விலங்கின் பெயர் என்று பொருள் வாரியாகச் சொற்களைத் தொகுத்தன. மாணவர்கள் அவற்றை ஒப்பித்தார்கள். சிதம்பர இரேவண சித்தர் 1594-இல் இயற்றிய அகராதி நிகண்டு, சொற்களை முதலெழுத்து வரிசையில் வைத்தது. அதற்குப் பிறகு 1732-இல் வீரமாமுனிவர் சதுரகராதியை முடித்தார். பெயர், பொருள், தொகை, தொடை என்று அதற்கு நான்கு பிரிவுகள். அவற்றுள் தொடையகராதியே இங்கே பேச வேண்டியது. செய்யுள் எழுதுகிறவருக்கு இரண்டாம் எழுத்து ஒத்துவரும் எதுகைச் சொல் வேண்டும். மலைக்கு அலை, கலை, சிலை, தலை, வலை என்று தேடித் தவிப்பவருக்காக, எதுகை பார்த்துச் சொற்களைத் திரட்டித் தந்தது அந்தப் பிரிவு. சொல்லின் இரண்டாம் எழுத்தைச் சாவியாக்கிய அந்த வேலை, நம் அகராதி வரலாற்றில் உரிய கவனம் பெறாத பெரிய சாதனை.

பட்ஸுக்கு 200 ஆண்டுகள் முன்பே கிடைத்த அந்தச் சாவி இன்று பெரும்பாலும் புலவர் படிப்போடு நின்றுவிட்டது. ஆங்கிலச் சொல் தேடக் கைப்பேசியைத் தட்டும் பிள்ளைகளிடம் தமிழாசிரியர்கள் தொடையகராதியின் ஒரு பக்கத்தையாவது காட்ட வேண்டும். பிறகு அந்தப் பிள்ளைகளைத் தங்கள் ஊர்ப் பெயருக்கு எதுகை தேடச் சொல்ல வேண்டும்.