பிந்தி வந்த அளவு

முல்லைத்தீவு மாவட்டத்தின் தென்கோடியில் கொக்கிளாய்க் கடல்நீரேரியைத் தாண்டினால் புல்மோட்டை. அதன் கனிய மணலில் மொனசைட் உண்டு. மொனசைட்டில் தோரியம் உண்டு. ஆகவே கதிரியக்கம் வன்னிக்குத் தொலைவான சங்கதியன்று. ஆனால் கருவியின்றி அதை எவரும் அறியார்.

எக்ஸ்-கதிர் அறையில் பணிபுரிவோர் நெஞ்சில் அணியும் சிறு அட்டை அத்தகைய கருவிகளில் ஒன்று. அதனுள் இருக்கும் பளிங்குப் பொருள் கதிர்வீச்சின் ஆற்றலைச் சேமித்து வைக்கும். பின்னர் ஆய்வுகூடத்தில் சூடாக்கும்போது ஒளிரும். அவ்வொளியைக் கொண்டே அளவைக் கணக்கிடுவர். அட்டை பதிவு செய்யுமேயன்றி அந்தக் கணத்தில் எச்சரிக்காது.

இதன் பொருளைக் கல்பாக்கம் உணர்த்திற்று. 2003 ஜனவரி 21 அன்று, அங்குள்ள அணு எரிபொருள் மறுசுழற்சி ஆலையில் வால்வு ஒன்று பழுதுற்றிருந்ததால், உயர்நிலைக் கதிரியக்கக் கழிவு தாழ்நிலைக் கழிவுத் தொட்டியில் கலந்தது. அவ்விடத்தில் எச்சரிக்கும் கருவி இருக்கவில்லை. மாதிரியை எடுத்துச் சோதித்த பின்னரே உண்மை தெரிந்தது. ஆறு பணியாளர்கள் 280 முதல் 420 மில்லிசீவேர்ட் வரையான கதிர்வீச்சுக்கு ஆளாகியிருந்தனர். சர்வதேச வரம்போ, ஐந்தாண்டுச் சராசரியாக, ஆண்டுக்கு 20. செய்தி வெளியுலகை எட்ட மாதங்கள் சென்றன.

துல்லியம் என்பது இலக்கத்தில் மட்டும் இல்லை. அது உரியவருக்கு உரிய நேரத்தில் கிடைப்பதிலும் உண்டு. அட்டை அணிந்தோர் கேட்கவேண்டிய கேள்விகள் இரண்டு: என் அளவு எவ்வளவு? அது எப்போது கணக்கிடப்பட்டது?